இட்டேரியை வழித்துவிட்ட பிறகு

2018 ஆவணி. விடிந்தும் விடியாத நேரத்தில் நானும் வீட்டுக்காரம்மாவும் பாகல் பந்தலுக்கு அடியில் ஆளுக்கொரு வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். ஆண் பூவைக் கிள்ளி, இதழைப் பின்னுக்கு மடக்கி, பெண் பூவின் நடுவில் ஒத்தி எடுக்க வேண்டும். ஒரு ஆண் பூவை மூன்று பெண் பூவுக்கு வைத்துக்கொள்ளலாம். கழுத்து வலிக்கும், வெயில் ஏறினால் பூ வாடிவிடும், அதனால் பேச்சே இல்லாமல் ஓடும் வேலை. இருபது நாள் இப்படி ஓடிய பிறகு ஒரு காலையில் அவள் கேட்டாள்: "ஏனுங்க, இத்தன வருசமா இந்த வேலைய யாரு செஞ்சுட்டு இருந்தாங்க?"

கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

எங்கள் பூமி மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மொத்தம் ஆறு ஏக்கர். இரண்டரை ஏக்கர் கிணற்றுத் தண்ணீர் பாயும் தோட்டம், மீதி மானாவாரிக் காடு. தோட்டத்தில் கொஞ்சம் முருங்கை, கொஞ்சம் பந்தல் காய், கத்தரி. இரண்டு பக்கம் இட்டேரி இருந்தது.

கொங்குப் பக்கம் வராதவர்களுக்கு இட்டேரி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு தோட்டங்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகிற தடம். தடத்தின் இருபுறமும் உயிர்வேலி. கிளுவைதான் அதன் முதுகெலும்பு. அதற்குள் சூரை, சங்கமுள், ஆவாரை, நொச்சி, எருக்கு எல்லாம் தானாக வந்து சேர்ந்திருக்கும். மேலே கோவை, பிரண்டை, வேலிப்பருத்தி, தூதுவளை படர்ந்திருக்கும். இடையிடையே வேம்பு, ஊஞ்ச மரம், வெள்வேல். யாரும் திட்டம் போட்டு நட்டதில்லை. எந்தத் தலைமுறையிலோ யாரோ ஆடுமாடு உள்ளே வராமல் இருக்கக் கிளுவம்போத்து, அதாவது நட்டால் துளிர்க்கிற கிளுவைக் கொம்பு, ஊன்றியிருப்பார்கள், மீதியைக் குருவியும் காற்றும் பார்த்துக்கொண்டன. எங்கள் வேலி சில இடங்களில் பத்தடி அகலத்துக்குப் பரந்து கிடந்தது. அந்தப் பத்தடிதான் கண்ணை உறுத்தியது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த புதிது. நிலத்தில் ஒரு சென்ட்டைக்கூட வீணாக விடக்கூடாது என்கிற வேகம். வேலிக்குள் மயில் அடைகிறது, பாம்பு அடைகிறது, வேலியோரம் இரண்டு சால் பயிர் எப்போதும் சவலையாகவே இருக்கிறது. எதிர்ப்பக்கத்துப் பங்காளிக்கும் அதே குறை. ஆளுக்குப் பாதிச் செலவு என்று பேசி, 2015 வைகாசியில் ஜேசிபியை விட்டோம். இரண்டு நாள் வேலை. வேரோடு பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தோம். கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தோம். தோட்டம் பளிச்சென்று, பள்ளிக்கூட மைதானம் மாதிரி ஆகிவிட்டது. கையோடு பழைய மாட்டுக்கொட்டகையின் மூங்கில் விட்டத்தையும் ஓலையையும் பிரித்தெறிந்து தகரம் போட்டேன். அந்த மூங்கிலில் விரல் நுழைகிற அளவு வட்ட வட்ட ஓட்டைகள் இருந்தது ஞாபகம் இருக்கிறது. உளுத்துப்போன மூங்கில் என்று நினைத்தேன்.

எங்கய்யன் மட்டும் வேண்டாம் என்றார். "வேலிய எடுத்துட்டா ஆட்டுக்குத் தழை எங்கடா போயி ஒடிக்கறது?" என்பதுதான் அவருடைய கவலை. அவருக்கும் வண்டு, தேனீ பற்றியெல்லாம் நினைப்பு இல்லை. இந்த மாதிரிக் கதைகளில் பெரியவர்கள் எல்லாம் முன்கூட்டியே ஞானமாக ஏதாவது சொல்லியிருப்பதாக எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த இரண்டு வருடம் எதுவும் தெரியவில்லை. 2016ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. கிணறு வறண்டு, 2017 கோடையில் முருங்கையைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது. காய் பிடிக்காததற்கெல்லாம் பஞ்சத்தையே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். ஆனால் 2018ல் கிணற்றில் தண்ணீர் இருந்தது, நல்ல விதை போட்டேன், கொடி தளதளவென்று ஏறியது, பூ கொட்டியது. காய் மட்டும் வரவில்லை. பாகற்காய் ஒரு பக்கம் பருத்து மறுமுனை எலிவால் மாதிரி சுருங்கிக் கோணிக்கொண்டது. பீர்க்கம்பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தது. கோணல் காயை அறுத்துப் பார்த்தால் சுருங்கிய பக்கத்தில் விதையே இருக்காது. மகரந்தம் போதுமான அளவு விழாமல் விதை பிடிக்காத பக்கம் சதையும் வளராது என்பது பிறகுதான் புரிந்தது. சந்தையில் கோணல் காயைக் கழித்துவிட்டுத்தான் விலையே பேசுவார்கள்.

மருந்துக்கடைக்குப் போனேன். பூ உதிராமல் இருக்க ஒன்று, காய் நீள ஒன்று, நுண்ணூட்டம் என்று ஒன்று. மூன்றும் அடித்தேன். பணம் போனதுதான் மிச்சம். இலை மட்டும் இன்னும் பச்சையாக ஆனது.

அப்புறம்தான் பூவைக் கையால் தொட்டு வைக்கும் வேலை. அது பலித்தது. தொட்டு வைத்த பூவில் வந்த காய் நேராக நீண்டது. அப்படியென்றால் குறை மண்ணிலோ உரத்திலோ இல்லை, பூவுக்குப் பூ போய்வர ஆள் இல்லை. உங்கள் பந்தலில் சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். இருபது பெண் பூவுக்கு நூல் கட்டிக் கையால் தொட்டு வையுங்கள், இன்னொரு இருபதை நூல் மட்டும் கட்டி அப்படியே விடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி காய்த்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. காசு செலவில்லாத சோதனை.

சரி, ஆள் இல்லையென்றால் ஆளைக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று இரண்டு தேனீப் பெட்டி வாங்கினேன். நம்மூர் அடுக்குத்தேனீதான், பொந்திலும் பானையிலும் குடியிருக்குமே, அதே ஜாதி. மார்கழி, தை வரை நன்றாக இருந்தன. முருங்கைப் பூவில் மொய்த்தன. பங்குனியில் ஒரு பெட்டி காலி, சித்திரையில் அடுத்தது. செத்து விழவில்லை, கூண்டோடு கிளம்பிப் போய்விட்டன. இந்தத் தேனீ தீனி இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்கிற ஜாதி. தோட்டத்தில் பயிர் பூக்காத மாதங்களில் அதற்குத் தின்ன என்ன வைத்திருந்தேன்? கல்லுக்காலும் கம்பியும்.

அந்த வருடம் வேளாண்மைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகள் கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். கத்தரி பூ கொட்டுவதைக் காட்டிப் புலம்பினேன். அவள் முதலில் சொன்னது என் தலையில் ஒரு குட்டு. "மாமா, கத்தரியில எல்லாப் பூவும் காய்க்காதுங்க. சூல்தண்டு குட்டையா இருக்கற பூ எப்படியும் உதிரத்தான் செய்யும். அதுக்கெல்லாம் பூச்சியக் குத்தம் சொல்லக் கூடாது." அப்புறம் ஒரு பூவைப் பிய்த்து அதன் மஞ்சள் மகரந்தப் பையைக் காட்டினாள். நுனியில் ஊசி குத்தினாற்போல இரண்டு துளை. மகரந்தம் அந்தக் குழலுக்குள் அடைத்துக்கொண்டு கிடக்கிறது, உப்புப் புட்டியில் உப்பு மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். கொஞ்சம் காற்று குலுக்கிவிடும், ஆனால் நன்றாகக் கொட்ட வேண்டுமென்றால் ஒரு வண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறக்கையை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிட வேண்டும். 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்குத் தெரியும், பெயர்தான் வண்டு, அதுவும் தேனீ ஜாதிதான். வயிற்றில் நீலநீலமாகப் பட்டை போட்ட ஒரு தேனீ இருக்கிறது, தனியாகத் திரியும், அதற்கும் தெரியும்.

நான் கேட்டேன், "அப்ப அதுக எல்லாம் எங்க போச்சு?" அவள் என்னைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா தோட்டத்துக்குப் போனாள். எங்கள் தோட்டத்திலிருந்து கூப்பிடுகிற தூரம்தான். அவர் தன் பக்கத்து இட்டேரியை எடுக்கவில்லை. கொள்கையெல்லாம் இல்லை, ஜேசிபிக்குப் பணம் கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. ஒரு புதருக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் குத்த வைத்திருந்தோம். அதே 'ர்ர்ர்'. ஆவாரம்பூவின் மகரந்தப் பையும் கத்தரி மாதிரிதான், நுனியில் துளை. தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதையும் அதிரவைத்துத்தான் எடுக்க வேண்டும். வேலிமேல் படர்ந்திருந்த தூதுவளையும் கத்தரியின் சொந்தக்காரச் செடி, அதுவும் அப்படித்தான். ஆக, கத்தரிக்கு வேலை செய்கிற கருவண்டு, கத்தரி இல்லாத மாதங்களில் ஆவாரையிலும் எருக்கிலும் தூதுவளையிலும் பிழைத்துக் கிடக்கிறது. எருக்கம்பூவுக்கும் கருவண்டுதான் முக்கியமான ஆள். முருங்கைப் பூவுக்கும் அதுதான். இந்தச் செடிகளை எல்லாம்தான் நான் களை என்று பிடுங்கிக் கொளுத்தினேன். மூங்கில் விட்டத்து ஓட்டைகளும் உளுப்பு இல்லை. கருவண்டு துளைத்துக் குடியிருந்த வீடு. தீனியை எடுத்த அதே மாதத்தில் வீட்டையும் பிரித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து மூன்று வாரம் நோட்டும் பேனாவுமாகத் திரிந்தோம். எந்தப் பூ எப்போது விரிகிறது, யார் வருகிறார்கள் என்று. இத்தனை வருடம் பந்தல் போட்டும், பார்த்திருக்கிறேனே தவிர கவனித்ததில்லை. பூசணி விடிவதற்கு முன்பே விரிந்து உச்சிக்குள் மூடிக்கொள்கிறது. பாகலும் விடியற்காலைதான். பீர்க்கு பொழுது சாய நாலு, ஐந்து மணிக்கு மேல் விரிகிறது. சுரையும் புடலையும் இன்னும் தாமதம், வெள்ளைப் பூ, இருட்டில் அந்துப்பூச்சி வருவதற்காக விரிகிற பூ. டார்ச்சோடு போய் நின்றால் சுரைப்பூவின் முன்னால் தேன்சிட்டு மாதிரி அந்தரத்தில் நின்று குடிக்கிற பெரிய அந்துப்பூச்சியைப் பார்க்கலாம். சித்தப்பா தோட்டத்தில் பார்த்தோம், எங்கள் தோட்டத்தில் பார்க்கவில்லை. பகலெல்லாம் வெயில் படாமல் ஒண்டிக்கிடக்க அதற்கு அடர்ந்த நிழல் வேண்டும்.

தேனீ என்றால் நமக்குப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது. உலகத்தில் 20,000 வகைக்கு மேல் தேனீ இருக்கிறது, அதில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் ஒண்டியாகத் திரிகிறவை. தேன் சேர்த்து வைக்காது, பெட்டிக்குள் அடையாது. ஒன்று மண்ணில் வளை தோண்டும், ஒன்று பட்ட மரத்தைத் துளைக்கும், ஒன்று காய்ந்த தண்டுக்குள் முட்டையிடும். இலையை வட்டவட்டமாகக் கத்தரித்துக்கொண்டு போய்க் கூட்டுக்குள் மெத்தை போடுகிற தேனீ ஒன்று உண்டு, துவரையில் பார்க்கலாம். கொம்புத்தேன் என்று நாம் சொல்கிற சிறு தேனீ வேலிப்புதரின் கொம்பிலேயே ஒற்றை அடை கட்டும். கொசுத்தேனீ சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் இருக்கும். இதுகளில் பல சின்ன உடம்புக்காரத் தேனீக்களுக்குச் சில நூறு மீட்டருக்கு மேல் போய்த் தீனி தேட முடியாது. வீட்டுக்கும் தீனிக்கும் நடுவில் பெரிய வெற்று நிலம் கிடந்தால் இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான்.

தூரத்தின் கணக்கு எங்கள் ஊருக்கு மட்டும் இல்லை. கோஸ்டாரிகாவில் ஒரு காப்பித் தோட்டத்தில் நடந்த ஆய்வு 2004ல் வெளிவந்தது. காட்டுத்துண்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் 20 சதவீதம் கூடியிருந்தது, பழத்துக்கு இரண்டு கொட்டை பிடிக்காமல் ஒற்றைக்கொட்டையாகப் போகிற காப்பி 27 சதவீதம் குறைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் காடு என்று சொல்ல இருப்பது கொறங்காடுதான். கிளுவை வேலிக்கு நடுவே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமுமாகக் காங்கயம் மாடு மேய விட்டிருக்கிற மேய்ச்சல் நிலம். எங்கள் தோட்டத்திலிருந்து முக்கால் கிலோமீட்டரில் மாமனுடைய கொறங்காடு இருக்கிறது. மழைக்காலத்தில் வெள்வேல் பூக்கும்போது மரத்தடியில் நின்றால் மேலே இரைச்சலாக இருக்கும். அங்கே இருக்கிற பூச்சிகள் முன்னே இட்டேரி வழியாக, புதருக்குப் புதர் தாவி எங்கள் தோட்டம் வரைக்கும் வந்துபோயிருக்கின்றன. நான் நடுவில் தடத்தை அறுத்துவிட்டேன். வண்டிக்கு மட்டும்தான் அது தடம் என்று நினைத்தேன்.

2019ல் மறுபடி வேலி வைக்க ஆரம்பித்தேன். முதல் வருடம் முட்டாள்தனம். ஐப்பசி மழையில் மண் ஈரமாக இருக்கிறதே என்று இலையும் தழையுமாக நிற்கிற கிளுவையில் இளம் கொம்பை ஒடித்து நட்டேன். முக்கால்வாசி அழுகிவிட்டது. தப்பித்ததை ஆடு தின்றது. எங்கய்யன் பார்த்துச் சிரித்தார். கிளுவையை அது இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கிற மாசி, பங்குனியில் வெட்ட வேண்டும், கட்டைவிரலைவிடத் தடித்த முற்றிய போத்தாக வேண்டும், இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுப் பால் வற்றிய பிறகு ஒரு முழம் ஆழத்தில் ஊன்றி இறுக்கி மிதிக்க வேண்டும் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ கேட்டயா?" என்றார். அடுத்த வருடம் அப்படியே செய்தேன், பெரும்பாலும் பிழைத்தது.

கம்பி வேலியைப் பிடுங்கவில்லை. அதற்குச் செலவழித்த காசு நினைவுக்கு வந்தது ஒரு காரணம். ஆனால் அது நல்லதாகவே முடிந்தது. கம்பிக்கு உள்பக்கம் மூன்றடி தள்ளி உயிர்வேலியை நட்டேன். வெளி ஆடு கடிக்க முடியாது, எல்லை பற்றிப் பங்காளியோடு பேச்சும் வராது. முன்னே இருந்த பத்தடி அகலம் எனக்கும் கட்டாது, நான்கைந்து அடி போதும் என்று வைத்துக்கொண்டேன். வேலியோரப் பயிர் சவலையாவதற்கு ஒரு வழி இருக்கிறது. வேலிக்கும் பயிருக்கும் நடுவே வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு சால் பறித்து இந்தப் பக்கம் வருகிற வேரை வெட்டிவிட வேண்டும். முழுக்கத் தீராது. ஒரு வரிசை எப்படியும் மெலிவாகத்தான் வரும். அதை வாடகை என்று வைத்துக்கொண்டேன்.

எதை நடுவது என்பதில்தான் கொஞ்சம் யோசித்தோம். அக்கா மகள் காலண்டரை எடுத்து, எங்கள் பயிர் பூக்கிற மாதங்களைச் சிவப்பில் வட்டமிட்டாள். வெறுமையாகக் கிடந்த மாதங்கள்தான் கேள்வி. பங்குனி, சித்திரைக்கு வேம்பும் புங்கனும். மழைக்காலத்துக்கு வெள்வேலும் இலந்தையும். தை, மாசிக்குக் கிளைரிசிடியா, அது போத்தில் வரும், தழை உரமும் ஆகும். எப்போது பார்த்தாலும் கொஞ்சம் பூவோடு நிற்பதற்கு ஆவாரை, நொச்சி, எருக்கு. ஆடாதோடை நான்கு செடி, அது கருவண்டுக்குப் பிடித்த பூ என்பதாலும் சளிக்கு ஆகும் என்பதாலும். வேலியடியில் தும்பை, துத்தி, துளசி தானாக முளைத்ததை விட்டுவிட்டோம். ஆவாரையை நாற்றாக வாங்கி நடாதீர்கள், காசு தண்டம். காய்ந்த நெற்றை எடுத்துக் கொதித்து இறக்கிய தண்ணீரில் விதையைப் போட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து மழைக்கு முன்னால் தூவினால் வந்துவிடும்.

சீமைக்கருவேலத்தைத் தேனீக்கு நல்லது என்று விட்டுவைக்கச் சொன்னார்கள் சிலர். தேனீ அதன் பூவுக்கு வருவது உண்மைதான். ஆனால் ஒரு வருடம் விட்டால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். எங்கள் வேலியில் அதற்கு இடமில்லை.

செடி மட்டும் போதாது என்பதை ஓட்டை விழுந்த மூங்கில் கற்றுக்கொடுத்திருந்தது. பழைய பனங்கட்டை இரண்டையும் பட்டுப்போன ஒரு வேப்பங்கிளையையும் வேலியோரம் மழை படாதபடி சாய்த்து வைத்தேன். மூங்கிலைக் கணுவுக்குக் கணு அறுத்துக் கட்டாகக் கட்டித் தகரக் கொட்டகையின் இறவாணத்தில் தொங்கவிட்டேன். விரல் தடிமன் மூங்கிலுக்கு ஒரு ஜாதி வந்தது, அதைவிடச் சன்னமானதற்கு இன்னொன்று. கிழக்குப் பார்த்த வரப்பு ஒன்றில் பத்தடி நீளத்துக்கு உழவில்லை, மூடாக்கும் போடவில்லை, தண்ணீரும் பாய்ச்சவில்லை. பார்க்க மொட்டையாக, சோம்பேறியின் வரப்பு மாதிரி இருக்கும். அடுத்த வருடம் அதில் பென்சில் நுழைகிற அளவு துளைகள் தெரிந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "ஏனுங் இந்த எடத்த மட்டும் இப்படி உட்டுட்டீங்க" என்று கேட்கிறார்கள். இதை விளக்கி விளக்கி அலுத்துவிட்டது, இப்போது "ஆள் கெடைக்கலீங்" என்று சொல்லிவிடுகிறேன்.

வேலியைக் கழிக்கும்போது ஒரே வருடத்தில் முழுசாகக் கழிக்கக் கூடாது. நான் மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டேன், வருடம் ஒரு பங்கு. கழிக்கிற பங்கில் பூ முடிந்த பிறகுதான் அரிவாள். கழித்த காய்ந்த தண்டுகளைக் கொளுத்தாமல் வேலிக்குள்ளேயே செருகிவிடுகிறேன்.

உயிர்வேலி பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற சங்கடங்களும் இருக்கின்றன. கோவைக்கொடியைப் பூவும் பழமும் ஆகட்டும் என்று விட்டேன். பாகலையும் பீர்க்கையும் துளைக்கிற பழ ஈ கோவைப் பழத்திலும் பெருகுகிற பூச்சி. ஒரு பருவம் நன்றாக அடிவாங்கினேன். இப்போது பந்தல் பக்கத்து வேலியில் கோவையை விடுவதில்லை, மறுபக்கத்தில் மட்டும் விடுகிறேன். பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்டுகிறேன், விழுந்த காயைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுகிறேன். மயில் தொந்தரவு வேலி இல்லாதபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. பாம்பும் உண்டு. ராத்திரி சுரைப்பூவைப் பார்க்கப் போனால் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் போகாதீர்கள்.

மருந்து அடிப்பதில்தான் என் பழக்கம் அதிகம் மாறியது. தேனீயைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சாயங்காலம் அடி என்று எல்லோரும் சொல்வார்கள். கத்தரிக்கும் பூசணிக்கும் அது சரி. பீர்க்கும் சுரையும் பக்கத்தில் இருந்தால் சாயங்காலம்தான் அவற்றின் கடை திறக்கிற நேரம். பூ விரிகிற நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கடிகாரத்தை வைத்து இல்லை. ஒரே பந்தலில் பாகலும் பீர்க்கும் கலந்து ஏற்றுவதை நான் நிறுத்தியதற்கு இது ஒரு காரணம். அப்புறம், செடி முழுக்க ஊடுருவுகிற மருந்தைப் பூ எடுத்த பிறகு தொடுவதே இல்லை. அது தேனிலும் மகரந்தத்திலும் இறங்கும். இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளை வெட்டவெளிப் பயிரில் அடிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் தடை போட்டது இதனால்தான். நாற்றிலோ விதையிலோ எது போட்டு வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. விசைத்தெளிப்பான் பிடிக்கிற ஆளிடம் வேலிப்பக்கம் மூக்கைத் திருப்பாதே என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலியில் பூச்சி தெரிந்தால் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். முதல் இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. 2022ல் ஆவாரை இடுப்புயரம் வந்து பூத்தது. அந்த வருடம்தான் கத்தரியில் மறுபடி 'ர்ர்ர்' கேட்டேன். 2023ல் பாகலுக்குக் கையால் தொட்டு வைக்கவில்லை. கோணல் காய் இல்லாமல் போகவில்லை, ஆனால் சந்தையில் கழிக்கிற கூடை நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. இதில் வேலிக்கு எவ்வளவு, மழைக்கு எவ்வளவு, மருந்தைக் குறைத்ததற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தராசு இல்லை. முருங்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அது எப்போதுமே தன் இஷ்டத்துக்குக் காய்க்கிற மரம். பெட்டி மறுபடி வாங்கவில்லை. போன வருடம் மோட்டார் அறையின் சுவர்ப் பொந்தில் கொசுத்தேன் ஒன்று தானாக வந்து குழல் நீட்டியிருக்கிறது. மெக்கானிக் சிமெண்டு பூசப் பார்த்தார், தடுத்துவிட்டேன்.

இந்த மாசியில் எதிர்ப்பக்கத்துப் பங்காளி வந்தார். 2015ல் என்னோடு சேர்ந்து ஜேசிபிக்குப் பாதிக் காசு கொடுத்தவர். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, ஆட்டுக்குத் தழை பஞ்சமாக இருக்கிறது, கிளுவம்போத்து கொஞ்சம் கொடுக்க முடியுமா என்றார். வண்டு, பூச்சி, கத்தரி என்று நான் ஆரம்பித்தேன். "அதெல்லாம் எனக்கெதுக்குங், தழை வந்தாப் போதும்" என்றார். உள்ளேயிருந்து எங்கய்யன் சிரிக்கிற சத்தம் கேட்டது. இருநூறு போத்து வெட்டி நிழலில் போட்டிருக்கிறேன். நாளை மறுநாள் வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.